அமெரிக்க அதிபரை அதிர வைத்த ஆறு சோதனைகள்

முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட வேண்டும். கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு, மல்லாந்து படுத்த நிலையிலிருந்து ஒரே ஒரு முறை எழுந்து உட்கார வேண்டும். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கிப் பத்து விநாடி நிறுத்த வேண்டும். இந்த மாதிரி மொத்தம் ஆறு. ஒன்றில் தவறினாலும் ஃபெயில்! 1950களில் அமெரிக்காவைக் கலக்கிய க்ராஸ்-வெபர் சோதனை இவ்வளவுதான்.

டாக்டர் ஹான்ஸ் க்ராஸ் ஆஸ்திரியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறியவர், மலையேற்ற வீரர். முதுகுவலிக்குத் தசைகளின் பலவீனமும் இறுக்கமும்தான் பெரும்பாலும் காரணம் என்று நம்பியவர். டாக்டர் சோன்யா வெபருடன் சேர்ந்து இந்தச் சோதனைகளை அவர் உருவாக்கியதும் நோயாளிகளுக்காகத்தான். மலையேற்றத் தோழி பானி ப்ரூடனும் அவரும் இதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோன பிறகுதான் விவகாரம் ஆரம்பித்தது.

அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 சதவீதம் பேர் தோற்றார்கள். இத்தாலி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பிள்ளைகளில் தோற்றவர்கள் 8.7 சதவீதம்தான். போரில் அடிபட்ட ஐரோப்பாவின் பிள்ளைகள், பாலும் இறைச்சியும் தாராளமாகக் கிடைத்த நாட்டின் பிள்ளைகளை ஜெயித்துவிட்டார்கள். கார், பள்ளிப் பேருந்து, லிஃப்ட் என்று உடம்பை அசைக்கத் தேவையில்லாத வாழ்க்கைதான் காரணம் என்றார் க்ராஸ்.

1954-ல் வெளியான இந்த ஆய்வு ஜான் கெல்லியின் கண்ணில் பட்டது. படகுப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். (நடிகை கிரேஸ் கெல்லியின் அப்பா என்றால் பலருக்குப் புரியும்.) அவர் மூலம் ஒரு செனட்டருக்கும், செனட்டர் மூலம் அதிபர் ஐசனோவருக்கும் செய்தி போனது. பனிப்போர் நேரம் அல்லவா, அதிபர் அதிர்ந்துபோனார். 1955 ஜூலையில் வெள்ளை மாளிகையில் விளையாட்டு வீரர்களுக்கு விருந்து வைத்து ஆலோசித்தார். செப்டம்பரில் நடக்கவிருந்த மாநாடோ அவருக்கே மாரடைப்பு வந்ததால் தள்ளிப்போனது! கடைசியில் 1956 ஜூலை 16 அன்று இளைஞர் உடல்தகுதிக்கான அதிபர் கவுன்சில் பிறந்தது.

ஆனால் பள்ளிகளுக்குப் போனது க்ராஸின் சோதனை அல்ல. அது வெறும் முதுகையும் வயிற்றையும் வளைவையும் மட்டும் பார்க்கிறது என்று உடற்கல்வி ஆசிரியர்கள் குறை சொன்னார்கள். அதில் நியாயமும் உண்டு. அவர்கள் கொண்டுவந்த தேர்வில் புல்-அப்ஸ், ஓட்டம், தாண்டுதல், பந்து எறிதல் எல்லாம் இருந்தன. 1966-ல் அதிபர் ஜான்சன் இதற்கு ஒரு விருதையும் அறிவித்தார். எல்லாப் பிரிவிலும் முதல் 15 சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைக்குத்தான் விருது.

கோளாறு இங்கேதான். க்ராஸ் தேடியது, ஒரு குழந்தை ஆரோக்கியமாக இருக்கத் தேவையான குறைந்தபட்ச பலம் யாரிடம் இல்லை என்பதை. விருது தேடியதோ ஏற்கெனவே பலசாலியாக இருப்பவனை. பயிற்சி யாருக்கு அவசியமோ அந்தப் பிள்ளை, வகுப்பே வேடிக்கை பார்க்க, கம்பியில் தொங்கிவிட்டு ஒரு தடவைகூட மேலே ஏற முடியாமல் இறங்கிப் போனான். நடுத்தர வயதுக்கு வந்த பிறகும் அந்த அவமானத்தைச் சொல்லும் அமெரிக்கர்கள் நிறைய உண்டு.

2012-13 கல்வியாண்டோடு அந்தத் தேர்வு நின்றது. சக மாணவனோடு ஒப்பிடாமல், அந்தந்த வயதுக்கான ஆரோக்கிய அளவோடு ஒப்பிடும் முறை வந்தது. 2025 ஜூலை 31 அன்று பழைய தேர்வைத் திரும்பக் கொண்டுவரும் உத்தரவில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார்.