திருச்சுழியின் நீரும் சிற்பியின் கணக்கும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் ஆழ்துளைக் கிணறு போடுமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருவர். உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் நிமிர்ந்தாலோ, வேப்பங்கவட்டை வளைந்தாலோ அங்கே நீருண்டு என்பது நம்பிக்கை. கோயில்களுக்கு முன்னோர் இடம் தேர்ந்ததும் இவ்வாறே என்று சொல்வாரும் உளர். இங்கிலாந்தில் கய் அண்டர்வுட் இதையே எழுதினார். ஸ்டோன்ஹெஞ்சும் பழைய தேவாலயங்களும் நிலத்தடி நீர்க்கோடுகளைத் தழுவி எழுந்தவை என்ற அவரது நூல் 1969இல் வெளிவந்தது.

நம் நூல்களைத் திறந்தால் காட்சி வேறு. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நாவல் மரத்துக்குக் கிழக்கே அருகில் புற்றிருந்தால், மரத்தின் தெற்கே மூன்று முழத்தில், இரண்டு ஆள் ஆழத்தில் இனிய நீர் கிடைக்கும் என்கிறார். மரம், புற்று, மண், பாறை என எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. பொய்யென்றால் தோண்டியவனே சொல்லிவிடலாம். கவட்டைக்கு அங்கே வேலையில்லை.

கோயிலின் அளவோ தனிக்கணக்கு. மயமதம் முதலிய சிற்பநூல்கள் சொல்லும் ஆயாதிப் பொருத்தங்களுள் ஒன்று யோனி. சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து மீதியைப் பார்ப்பர், ஒற்றைப்படை நன்று. சுற்றளவு 25 கோல் எனில் பெருக்கம் 75, மீதி 3. அது சிம்ம யோனி. 24 எனில் மீதியே இல்லை, அளவைச் சற்றுத் திருத்தவேண்டும். நடுங்கும் கைக்கு இங்கும் இடமில்லை.

சுந்தரர் பாடிய திருச்சுழியலில், பிரளய நீரைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்துள் சுழித்துப் புகச்செய்தார் என்கிறது தலபுராணம். 1879இல் அவ்வூரில் பிறந்த ரமணர், மாசி மகத்தையொட்டிக் கோயிற்குளத்து நீர் நாளுக்குநாள் ஏறிப் பின் வடிந்ததை நினைவுகூர்ந்திருக்கிறார். இன்று எத்தனை படி மூழ்கியது என்று சிறுவர்கள் கூடிப் பார்ப்பார்களாம். அந்தச் சிறுவர்களையே வராகமிகிரரின் மாணாக்கர் என்போம்.

கவட்டையையும் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக்கில் 1987-88இல், தேர்ந்தெடுத்த 43 பேரைக் கொண்டு 843 முறை பார்த்தனர். அம்முடிவுகளை ஆராய்ந்த என்ரைட், தற்செயலுக்கு மேல் அதில் ஏதுமில்லை என்று 1999இல் எழுதினார்.

கடும்பாறை நிலத்தில் நீர் வெடிப்புகளில்தான் நிற்கும். சில அடி தள்ளினால் துளை வறண்டுபோகும். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் துளையிட்டு, புழுதி மட்டுமே வர, நகையை அடகிலிருந்து மீட்கமுடியாத குடும்பங்கள் நம் கிராமங்களில் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையினர் கட்டணம் பெற்று மின்தடைக் கருவியால் நிலத்தை ஆய்ந்து சொல்கின்றனர். கருவியும் சிலபோது பொய்க்கும்தான். ஆயினும் பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, துளைபோடுமுன் அவர்களை அழைக்கலாம்.