பாட்டும் தூரிகையும்: எஸ். ராஜம்



சபாக்களிலும் வீடுகளிலும் நாம் பார்த்துப் பழகிய சங்கீத மும்மூர்த்திகள் உருவங்களை வரைந்தவர் எஸ். ராஜம் (1919–2010). வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934-இல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமராக நடித்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், வானொலியில் பணிபுரிந்தவர்.

கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களில் 40 விவாதி ராகங்கள். அவற்றில் அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். பாடினால் தோஷம் என்று பலர் ஒதுக்கினார்கள். ராஜம் ஒதுக்கவில்லை. 72 மேளங்களிலும் கோடீஸ்வர ஐயர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பினார், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 90 வயது வரை வாழ்ந்தார்.

பிள்ளைகளே, ‘இது ஆகாது’ என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். நீங்களே செய்து பார்த்து முடிவுக்கு வாருங்கள்.

உங்கள் ஆசிரியர்,
பருத்திப்பட்டு