பகல் கனவு பலிக்குமா?

வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மாணவனின் கண் கரும்பலகையில்தான் இருக்கும். மனம் மட்டும் எங்கேயோ போயிருக்கும். "டேய், கனவு கண்டுக்கிட்டு இருக்கியா?" என்ற குரலோடு ஒரு சாக்பீஸ் துண்டு வந்து விழும். வகுப்பே சிரிக்கும். இந்த அனுபவம் இல்லாத மாணவர்கள் மிகக் குறைவு!

தமிழில் 'பகல் கனவு' என்றாலே நடக்காத காரியம் என்றுதான் பொருள். அப்துல் கலாம் மாணவர்களைக் கனவு காணச் சொன்னார். ஆனால் அவர் சொன்னது இலட்சியக் கனவு. அதை யாரும் குறை சொல்வதில்லை. இலக்கே இல்லாமல் சும்மா அலையும் மனதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். அந்த அலைச்சலால் ஏதாவது பயன் உண்டா? வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ட கனவு

முதல் உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். சோழபுரத்தில் பஸ் ஏறினால், இராஜபாளையத்தைத் தாண்டி வரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது.

பெரியாழ்வார் பெருமாளுக்காகக் கட்டி வைத்த மாலையை, அவர் இல்லாத நேரத்தில் கோதை எடுத்துச் சூடிக்கொள்வாள். பெருமாளுக்குத் தான் ஏற்ற மணமகள்தானா என்று கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்ப்பாள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்ட தந்தை கடிந்துகொண்டு வேறு மாலை கட்டினார். பெருமாளோ அவள் சூடிய மாலையே வேண்டும் என்றார். மரபு சொல்லும் கதை இது. அந்தக் கிணறு என்று கண்ணாடிக் கிணறு ஒன்றை இன்றும் கோயிலில் காட்டுகிறார்கள். திருப்பதி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்துதான் போகிறது.

கோதை கனவோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாச்சியார் திருமொழியில் 'வாரணமாயிரம்' என்ற பகுதி முழுக்கத் தோழியிடம் சொல்லும் கல்யாணக் கனவுதான். மாப்பிள்ளை ஊர்வலம், நிச்சயம், காப்புக் கட்டுவது, கைப்பிடிப்பது, தீவலம் வருவது, அம்மி மிதிப்பது என்று ஒவ்வொரு சடங்கும் அதனதன் வரிசையில் வருகிறது. கனவை அவ்வளவு நுணுக்கமாகப் பாட்டில் இறக்கி வைத்ததால்தான் இன்றும் வைணவக் கல்யாணங்களில் அது பாடப்படுகிறது.

'இது பக்தி சமாச்சாரம், இதை வரலாறு என்று எப்படி ஏற்பது?' என்று சிலர் கேட்கலாம். நாள், தேதியோடு பதிவான மூன்று தமிழர்களின் கதை அடுத்து வருகிறது.

திண்ணையில் ஒரு சிலேட்டு

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. தெருவில் மற்ற பையன்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் ஒருவன் மட்டும் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு தன் உலகத்தில் மூழ்கியிருப்பான். காகிதம் வாங்கக் காசு இல்லாததால் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையாலேயே அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வான். 1887-ல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச ராமானுஜன்தான் அது.

1903-ல் கார் என்பவர் எழுதிய ஒரு கணிதத் தொகுப்பு அவர் கைக்குக் கிடைத்தது. சுமார் 5,000 தேற்றங்கள், பெரும்பாலும் விளக்கமே இல்லாமல், வரிசையாக அடுக்கப்பட்ட புத்தகம். அதில் உள்ளவற்றைத் தானே நிரூபித்துப் பார்ப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டியதாக அவர் நண்பர்களிடம் சொன்னதுண்டு. அந்தக் கனவு வருவதற்கு முன்னால் சிலேட்டு தேய்ந்த கணக்கு எத்தனை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த மூழ்கலுக்கு அவர் கொடுத்த விலையும் பெரியது. கணிதம் தவிர மற்ற பாடங்களில் மனம் செல்லாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. வேலை இல்லாமல், சரியான சாப்பாடுகூட இல்லாமல் சில ஆண்டுகள் கழிந்தன. 'பகல் கனவால் நன்மை மட்டுமே' என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டுகளை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். அலுவலக வேலையை முடித்துவிட்டு, மூட்டை சுற்றும் காகிதத்தில் கூடக் கணக்கு எழுதுவார். அங்கே மேலாளராக இருந்த நாராயண ஐயரும், தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அதைப் பார்த்துத் தடுக்கவில்லை, ஊக்கம் கொடுத்தார்கள். அந்த வேலையில் இருந்தபோதுதான், 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்றார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

கணக்கு அதிகாரி பார்த்த கடல்

அடுத்தவரும் கணக்குத் துறைக்காரர்தான். (வணிகவியல் மாணவர்கள் கவனிக்க!) சி.வி. ராமன் நிதித் துறைத் தேர்வில் வென்று 1907-ல் கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தார். பகலில் அரசாங்கக் கணக்கு, மற்ற நேரத்தில் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. 1917-ல் அந்த நல்ல சம்பள வேலையை விட்டுவிட்டுப் பேராசிரியர் ஆனார்.

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு 'நர்க்குண்டா' என்ற கப்பலில் திரும்பினார். கப்பலில் வேறென்ன வேலை இருக்கும்? மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் ஏன் இவ்வளவு நீலமாக இருக்கிறது? வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதால்தான் என்று பெரிய விஞ்ஞானியான ராலே சொல்லியிருந்தார். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

ராமன் தன்னிடமிருந்த ஒரு சிறிய நிக்கல் பட்டகத்தை (நிக்கல் என்பவர் உருவாக்கிய ஒளிக்கருவி அது) எடுத்து, அதன் வழியாகக் கடலைப் பார்த்தார். சரியான கோணத்தில் பிடித்தால் நீரின் மேல் பிரதிபலிக்கும் வெளிச்சத்தை அது தடுத்துவிடும். வானத்தின் நிழலை நீக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. முன்பைவிட அழுத்தமான நீலம்! அப்படியானால் அந்த நீலம் தண்ணீரிலிருந்தே, அதன் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதிலிருந்தே வர வேண்டும். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது, 1921 செப்டம்பர் 26 என்று தேதியிட்டு, 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் தயாராகிவிட்டது.

அன்று தொடங்கிய ஒளிச்சிதறல் ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28 அன்று 'ராமன் விளைவு' ஆக முடிந்தது. 1930-ல் நோபல் பரிசு. அந்த நாளைத்தான் நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே கப்பலில் எத்தனையோ பேர் அதே கடலைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் பையில் பட்டகம் இல்லை, மனதில் ஒளியைப் பற்றிய கேள்வியும் இல்லை.

பத்தொன்பது வயதும் ஒரு கப்பலும்

ராமனுக்கு நோபல் கிடைத்த அதே 1930-ல் அவருடைய அண்ணன் மகனும் ஒரு கப்பல் ஏறினார். பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர், வயது 19. (இவருடைய தந்தையும் கணக்குத் தணிக்கைத் துறை அதிகாரி என்பது இன்னொரு வேடிக்கை.) சந்திரசேகருக்கு ஒன்பது வயதானபோது, 1920-ல், ராமானுஜன் இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்து அவருக்குச் சொன்னவர் அவருடைய தாய் சீதாலட்சுமி. கும்பகோணத்து ஏழைப் பையன் ஒருவன் உலகப் புகழ் பெற்ற கதை அந்தச் சிறுவன் மனதில் பதிந்துவிட்டது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சந்திரசேகருக்குக் கேம்பிரிட்ஜ் செல்ல அரசு உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாய் கடும் நோயில் படுக்கையில் இருந்தார். மகனோ தயங்கினார். போயே ஆக வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பியவர் தாய்தான். அடுத்த ஆண்டு அவர் காலமானார். மகன் மீண்டும் அவரைப் பார்க்கவே இல்லை.

1930 ஜூலை 31 அன்று 'பில்ஸ்னா' கப்பல் பம்பாயிலிருந்து கிளம்பியது. முதல் சில நாட்கள் கடல் கொந்தளிப்பு. கடல் அமைதியானதும் சந்திரசேகருக்கு ஏராளமான நேரம் கிடைத்தது. வகுப்பு இல்லை, தேர்வு இல்லை. மேல்தளத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெண்குறு விண்மீன்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே உள்நோக்கிச் சுருங்கும். ஓர் அளவுக்கு மேல் நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளுவதால் சுருக்கம் நின்றுவிடும் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபவுலர் 1926-ல் சொல்லியிருந்தார். ஃபவுலர் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சந்திரசேகருக்குத் தோன்றியது. அவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் ஓடுமே, அப்போது ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையையும் சேர்க்க வேண்டாமா? சேர்த்துக் கணக்குப் போட்டார். எலெக்ட்ரான்களின் எதிர்ப்புக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்று விடை வந்தது. அதைத் தாண்டிய எடையுள்ள விண்மீனின் சுருக்கத்தை அவற்றால் தடுக்க முடியாது. கடனும் அப்படித்தானே? ஓர் அளவு வரை வருமானம் வட்டியைத் தாங்கும், அதற்கு மேல் போனால் கம்பெனி மூழ்கிவிடும்! பிறகு திருத்தமாகக் கணக்கிடப்பட்ட அந்த வரம்பு, நம் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. இன்று உலகம் அதைச் 'சந்திரசேகர் வரம்பு' என்கிறது.

உடனே யாரும் பாராட்டிவிடவில்லை. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், அக்காலத்தின் மிகப் பெரிய வானியல் அறிஞரான எடிங்டன் அந்த முடிவைக் கேலி செய்தார். சந்திரசேகர் மனம் உடைந்தாலும் ஆராய்ச்சியை விடவில்லை. அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1983-ல் நோபல் பரிசு வந்தது. கப்பல் பயணத்துக்கு 53 ஆண்டுகள் கழித்து!

மூளைக்குள் என்ன நடக்கிறது?

பிரெஞ்சுக் கணித மேதை பாயின்கரே தன் அனுபவம் ஒன்றை 1908-ல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். பல நாட்கள் முட்டி மோதிய ஒரு கணக்கை மறந்துவிட்டு வெளியூர்ப் பயணம் போனார். குதிரை வண்டியில் ஏறக் காலை வைத்த நொடியில் விடை பளிச்சென்று வந்ததாம். முன்னால் கடினமாக உழைக்காமல் அப்படி ஒரு நொடி வராது, வந்த பின்னும் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். ராமானுஜன், ராமன், சந்திரசேகர் மூவருக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா இருக்கும்போதும் அந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. 2001-ல் அமெரிக்க நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்கிளும் அவருடைய குழுவினரும் இதைப் பற்றி முக்கியமான கட்டுரை வெளியிட்டார்கள். நாம் ஒரு வேலையில் கவனம் செலுத்தும்போது அடங்கி, சும்மா இருக்கும்போது சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகள் உண்டு என்று அது காட்டியது. பழைய நினைவு, எதிர்காலத் திட்டம், மற்றவர் மனதை ஊகிப்பது எல்லாம் அந்தப் பகுதிகளின் வேலையோடு தொடர்புள்ளவை.

2012-ல் வெளியான ஒரு சோதனையில், இடையில் எளிய வேலை கொடுத்து மனதை அலையவிட்டவர்கள், முன்பே யோசித்த கேள்விகளுக்கு அதிகப் புதுமையான விடைகளைத் தந்தார்கள். புதிய கேள்விகளில் அந்த முன்னேற்றம் இல்லை. ஆனால் பின்னர் வேறு சிலர் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எனவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. 2010-ல் சுமார் 2,250 பேரிடம் ஐபோன் மூலம் நடத்திய ஆய்வில், மக்களின் மனம் விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி (47 சதவீதம்) அலைந்துகொண்டிருந்தது. அப்படி அலையும்போது அவர்கள் மகிழ்ச்சி குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். பகல் கனவை 1950-கள் முதல் ஆராய்ந்த ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர் அதை மூன்று வகையாகப் பிரித்தார். ஆக்கமான, விளையாட்டான கனவு ஒரு வகை. குற்ற உணர்வும் பயமும் சுற்றிச் சுற்றி வருவது இன்னொரு வகை. எதிலும் கவனமே நிற்காமல் போவது மூன்றாவது. முதல் வகைதான் பயன் தருவது.

பகல் கனவு பலிக்க...

மேலே பார்த்தவர்கள் எல்லோரிடமும் மூன்று விஷயங்கள் பொதுவாக இருந்தன. ஒன்று, மனதில் ஏற்கனவே ஒரு கேள்வியும் அதற்கான உழைப்பும் இருந்தன. இரண்டு, குறுக்கீடு இல்லாத வெற்று நேரம் கிடைத்தது. மூன்று, கனவு கலைந்ததும் அதைப் பாட்டாகவோ, கணக்காகவோ, கடிதமாகவோ எழுதிவிட்டார்கள்.

இன்றைய மாணவர்களுக்கு முதலாவதும் மூன்றாவதும் இருக்கலாம். இரண்டாவதுதான் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. புது வீடுகளில் திண்ணை இல்லை. கப்பலில் யாரும் இலண்டன் போவதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தைக் கூட மொபைல் எடுத்துக்கொள்கிறது.

ஆனாலும் வழி இருக்கிறது. சோழபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்தால், மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். காலையில் விடை வராத காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, மொபைலைப் பைக்குள் போட்டுவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஏதாவது தோன்றினால் டிக்கெட்டின் பின்பக்கத்திலாவது குறித்துக்கொள்ளுங்கள். தோன்றாவிட்டாலும் மலையைப் பார்த்தது மிச்சம்!