வி.குமார்: பெயர் மறைந்த மெல்லிசை மாமணி



விடாமுயற்சி என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பயிற்றுவித்த ஒரு நாளில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘எதிர் நீச்சல்’ படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பாடலை ஒலிக்கச் செய்தேன். பாடியவர் யார் என்று வினவினேன். தாத்தாவுடன் வானொலி கேட்டுப் பழகிய மாணவி ஒருத்தி சரியாகவே விடையளித்தாள். இசையமைத்தவர் யார் என்றதும், “எம்.எஸ்.விஸ்வநாதன், ஐயா” என்றாள். ஆசிரியர் அறையிலும் அதே வினாவை எழுப்பினேன். அங்கும் அதே விடைதான் கிடைத்தது. விடை தவறு. அப்படத்திற்கு இசையமைத்தவர் வி.குமார். அவரைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் எழுந்தது.

வி.குமார் 1934-இல் பிறந்தவர். கே.பாலசந்தரின் மேடை நாடகங்களுக்கு இசையமைத்து வந்தவர். தம் நாடகமான ‘நீர்க்குமிழி’யை 1965-இல் திரைப்படமாக்கி இயக்குநராக அறிமுகமான பாலசந்தர், குமாரையும் தம்மோடு திரையுலகிற்கு அழைத்து வந்தார். ஏறத்தாழ முழுமையும் மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் கதை அது. நாகேஷ் நாயகனாக நடித்தார். வாழ்வின் நிலையாமையைக் கூறும் சுரதாவின் பாடலுக்குக் குமார் இசையமைக்க, சீர்காழியார் பாடினார். மரண வீடுகளில் இன்றும் ஒலிக்கும் பாடல் அது. கேட்போரில் எத்தனை பேர் இசையமைப்பாளரின் பெயரை அறிவர்?

மேடை நாடகம் குமாருக்குச் சிக்கனத்தைக் கற்பித்தது என்பது என் கருத்து. மேடையில் வசனமே முதன்மையானது. இசை அதற்குத் துணை நின்று, வேண்டிய இடத்தில் ஒதுங்கவும் வேண்டும். அவருடைய சிறந்த பாடல்களில் இந்த ஒழுங்கைக் காணலாம். இசைக்கருவிகள் குரலை மூடுவதில்லை. சொற்கள் தெளிவாகச் செவியில் விழுகின்றன. மொழியாசிரியர்களாகிய நமக்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

‘மேஜர் சந்திரகாந்த்’ (1966), ‘எதிர் நீச்சல்’ (1968), ‘இரு கோடுகள்’ (1969), ‘நவக்கிரகம்’ (1970), ‘நூற்றுக்கு நூறு’ (1971), ‘வெள்ளி விழா’ (1972), ‘அரங்கேற்றம்’ (1973) என இக்கூட்டணி தொடர்ந்தது. இவற்றுள் இரண்டு நம் தொழிலுக்கு நெருக்கமானவை. ஆதரவற்ற இளைஞன் ஒருவன் குடித்தனக்காரர்களுக்கு எடுபிடி வேலை செய்துகொண்டே கல்வி பயிலும் கதை ‘எதிர் நீச்சல்’. மாணவியரின் பழிச்சொல்லுக்கு ஆளாகும் கணிதப் பேராசிரியரின் கதை ‘நூற்றுக்கு நூறு’.

‘இரு கோடுகள்’ படத்தில் ஒருவரையே மணந்த இரு பெண்களின் மனப்போராட்டத்தை, ருக்மிணி, பாமா ஆகியோரின் போட்டியாக வாலி எழுதினார். பி.சுசீலாவும் கே.ஜமுனாராணியும் பாடினர். கண்ணனைப் பற்றிய பாடலாக ஒலித்துக்கொண்டே கதை மாந்தரின் உள்ளத்தையும் அது திறந்து காட்டுகிறது. ‘வெள்ளி விழா’வில், துள்ளலான பாடல்களுக்குப் பெயர்பெற்ற எல்.ஆர்.ஈஸ்வரியை மிக மென்மையான குரலில் பாடவைத்தார் குமார். ஒருவரிடம் மறைந்திருக்கும் ஆற்றலைக் கண்டறிந்து வெளிக்கொணர்வது நல்லாசிரியரின் பண்பு. அப்பண்பு அவரிடம் இருந்தது.

அதே படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதனும் குமாரின் இசையில் ஒரு பாடல் பாடியுள்ளார். புகழின் உச்சியில் இருந்த இசையமைப்பாளர் மற்றோர் இசையமைப்பாளருக்காகப் பாடியது இருவருக்கும் பெருமை சேர்ப்பதாகும்.

அப்படியிருந்தும் குமாரின் பெயர் மங்கியது ஏன்? அவர் காலத்தில் அதே கவிஞர்களும் அதே பாடகர்களும் மெல்லிசை மன்னருக்கும் பணியாற்றினர். பாலசந்தரும் இருவரையும் மாறி மாறிப் பயன்படுத்தினார். ‘அரங்கேற்றம்’ படத்திற்குப் பின் பெரும்பாலும் விஸ்வநாதனையே நாடினார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்து இளையராஜாவின் காலம் தொடங்கியது. 1978-இல் ‘சதுரங்கம்’ படத்திற்காக எஸ்.பி.பாலசுப்ரமணியம், வாணி ஜெயராம் குரல்களில் குமார் அளித்த இனிய பாடல் இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது. எனினும் பெரிய வாய்ப்புகள் குறைந்தன. 1996-இல் அவர் மறைந்தார்.

‘மெல்லிசை மாமணி’ என்னும் பட்டம் அவருக்கு உண்டு. அப்பட்டமும் ‘மெல்லிசை மன்னர்’ என்பதோடு குழம்பிப் போவது வருத்தத்திற்குரியது. விஸ்வநாதனின் பெருமைக்குப் பிறர் பாடல்கள் தேவையில்லை. குமாருக்கோ அவருடைய பாடல்களே எஞ்சிய செல்வம். அதையும் நாம் பெயர் மாற்றி வழங்கினால் அவருக்கென்று என்ன மிஞ்சும்?

மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையில் வேறொருவர் பெயரை எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? அந்நிகழ்வுக்குப் பின், வகுப்பில் எந்தப் பாடலைப் பயன்படுத்தினாலும் கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர், படம் ஆகிய நான்கு விவரங்களையும் வெண்பலகையில் எழுதிவிட்டே தொடங்குகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாத பணி. பெற்றோர்களே, வீட்டில் பழைய பாடல் ஒலிக்கும்போது நீங்களும் பிள்ளைகளிடம் அந்தப் பெயர்களைக் கூறுங்கள். தெரியாவிடில் சேர்ந்தே தேடுங்கள். உழைத்தவரின் பெயரை உரிய இடத்தில் வைப்பதும் ஒரு நன்னெறிப் பாடமே.