பித்தளைக் குடத்துக்குத் தடை

தோழர்களே, இந்த முறை ஒரு சாமான் பட்டியலில் இருந்து தொடங்குகிறோம்.

மோகனூரில் எங்கள் வாசிப்பு வட்டத்துத் தம்பி ஒருவருக்குத் தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. நாமக்கல்லில் வாடகை வீடு பார்த்தாயிற்று. அடுப்படிக்கு என்னென்ன பாத்திரம் வாங்குவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணமக்களோடு நாங்களும் உட்கார்ந்து எழுதினோம். இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் குக்கர் போதும் என்றார் ஒருவர். சொந்தபந்தம் வந்தால் என்ன செய்வாய், ஐந்து லிட்டராக எழுது என்றார் இன்னொருவர். தோசைக்கல் ஒன்று, குழம்புக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு போசி, வடிதட்டு, கரண்டிகள், தட்டு நான்கு, டம்ளர் ஆறு. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. அப்போது மணப்பெண், "குழம்பு, சோறு எல்லாத்துக்குமே மண்சட்டியா வாங்கிடலாமா? அதுதான் உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க" என்றார். வாசற்படியில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாயி கையை நிறுத்தினார்.

"மண்சட்டிய உட்டு வெளிய வாரதுக்கு எங்களுக்கு எத்தன வருசமாச்சு தெரியுமா கண்ணு? வேணும்னா வாங்கிக்க. மொதல்ல ஒரு பித்தளக் கொடத்த எழுது."

நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சமூகவியல் படித்தவர்கள் என்று எங்களுக்குப் பெயர். ஒரு வீட்டின் பாத்திரத்தை யார் முடிவு செய்தது என்ற கேள்வி அந்த அம்மாயிக்குத் தோன்றியது, எங்களுக்குத் தோன்றவில்லை.

1930 டிசம்பருக்குப் போவோம். இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் அந்த மாதம் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதி முறை பற்றிய தன் நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் மேல் உடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இவற்றுக்கு நடுவே இன்னொன்று: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது.

மற்ற ஏழும் தெருவில் நடந்து போகிறவரைப் பார்த்தாலே தெரிபவை. இது மட்டும் வீட்டுக்குள் நுழைகிறது. சேரிக்குள் காலே வைக்க மாட்டோம் என்கிறவர்களுக்கு அந்த வீட்டின் அடுப்பில் என்ன இருக்கிறது என்பதில் ஏன் இவ்வளவு அக்கறை?

விடை ஆறு மாதம் கழித்து வருகிறது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. இம்முறை பானை வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளைக் குடம் கூடாது. குடத்துக்கு அடியில் வைக்கும் சும்மாடுகூட வைக்கோலில்தான் இருக்க வேண்டும், துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது. சும்மாட்டுத் துணி வரைக்கும் யோசித்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எங்களில் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதே பட்டியலில் இன்னும் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரின் மாட்டை மட்டுமே மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் மிராசுதாரின் பண்ணையில் அடிமையாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் உழக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. கல்யாணத்தில் மேளம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின.

நிலம், குத்தகை, படிப்பு, கூலி. இந்த வரிசையில் பித்தளைக் குடம் ஏன் வந்தது? நாம் அதைப் பாத்திரமாக மட்டும் பார்ப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. வங்கியும் பட்டாவும் இல்லாத வீட்டில் பித்தளைதான் சேமிப்பு. மழை பொய்த்தால் அடகுக் கடையில் வைக்கலாம், அறுப்பு முடிந்ததும் மீட்கலாம். நசுங்கினாலும் ஓட்டை விழுந்தாலும் எடைக்குப் போகும். மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம். பண்ணையக்காரனின் கொடுமை தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுக் கிளம்பினால் தலையில் தூக்கிக்கொண்டு போகலாம். மண்பானை உடைந்தால் வெறும் ஓடு. அதை வைத்து எவனும் கடன் தர மாட்டான். ஆகவே மண்பானை மட்டுமே புழங்கு என்பதற்குப் பொருள், எதையும் சேர்க்காதே, எங்கேயும் போகாதே என்பதுதான். எங்கள் வாசிப்பில் இது அழகு, அந்தஸ்து சம்பந்தப்பட்ட தடையைவிடச் சொத்துத் தடையாகவே தெரிகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாச் சாதி ஏழைகளும் மண்பானையில்தான் சமைத்தார்கள். கம்மஞ்சோறும் களியும் மண்பானையில் ஆக்கினால் தனி ருசிதான். மண்பானையை நாங்கள் இழிவாகச் சொல்லவில்லை. கையில் நாலு காசு சேர்ந்தபோது அடுத்த தெருக்காரர் பித்தளைக்கு மாறலாம், நாம் மாறினால் குடிசை எரியும் என்ற வேறுபாட்டைத்தான் சொல்கிறோம்.

இதை இராமநாதபுரத்து முரட்டுத்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. 1935 நவம்பரில் குஜராத்தில் அகமதாபாத் மாவட்டத்து ஜானு கிராமத்தில், கொஞ்சம் வசதியான தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். அது தங்கள் கௌரவத்துக்கு இழுக்கு என்று சாதி இந்துக்கள் அந்தப் பெண்களை அடித்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் இதைக் குறிப்பிடுகிறார். அதே இடத்தில், விருந்தில் நெய் பரிமாறியதற்காக அடி வாங்கிய ராஜபுதனத்துச் சக்வாரா கிராம மக்களைப் பற்றியும் எழுதுகிறார். இராமநாதபுரத்துக்கும் ஜானுவுக்கும் மொழி வேறு, சாதிப் பெயர்கள் வேறு. குடம் மட்டும் ஒன்று. இரண்டு ஊர்க்காரர்களும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்கள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும், இரும்பு நகைதான் அணிய வேண்டும் என்று விதிக்கிறது. அந்த அத்தியாயத்தைப் படித்திருக்கவே வேண்டாம், இரண்டு ஊரிலும் அது நடைமுறையில் இருந்தது.

நம் பக்கம் திரும்புவோம். மோகனூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காவிரி ஞாபகம் வரும், சர்க்கரை ஆலை ஞாபகம் வரும், நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர் என்பார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் தடைகளை எழுதி வைக்க வேண்டிய தேவை வரவில்லை. பண்ணையம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. வருசக் கூலிக்குப் பண்ணையாளாக இருந்தவருக்குக் கூலியில் ஒரு பகுதி கூழாகவும் பழைய சோறாகவும் வந்தது. அதை வாங்கப் பாத்திரம் வேண்டும். அம்மாயி சொன்னது: "பண்ணையத்துல எரவாரத்துல சொருகி வெச்சிருப்பாங்க கொட்டாங்குச்சி. நாமளே எடுக்கோணும், நாமளே கழுவி மறுக்காச் சொருகோணும். கூழ மேல இருந்து ஊத்துவாங்க, பாதி கையில, பாதி மண்ணுல." பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தப் பண்ணையமும் அங்கே ஆடு மேய்த்த அருந்ததியச் சிறுவர்களும் தெரிந்திருக்கும். படிக்காதவர்கள் படியுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கவலை ஓட்டிய காலத்தில் சாலோடு சேர்ந்த தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அந்தத் தோல் வழியாக வந்த தண்ணீரில்தான் நெல்லும் கரும்பும் விளைந்தன. அந்தத் தோலில் தீட்டு இல்லை. அதைத் தைத்தவர் குடித்த கொட்டாங்குச்சியில்தான் தீட்டு.

நம் வீடுகளுக்குள் முதலில் நுழைந்த உலோகம் பித்தளையாக இருக்கவில்லை. அது அலுமினியம். 1898 வாக்கில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். பிறகு 1965இல் மேட்டூரில் மால்கோ ஆலை ஓட ஆரம்பித்தது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைத்தான் அங்கே உருக்கினார்கள். மலிவு, கனமில்லை, ஈயம் பூச வேண்டாம். கரும்பு வெட்டப் போகிறவர்கள் கையில் அலுமினியத் தூக்குப்போசி வந்தது. அதற்கு அடகுக் கடையில் மதிப்பில்லை என்பதால் அதன் மேல் யாருக்கும் பொறாமையும் வரவில்லை.

அப்புறம் எவர்சில்வர். 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுத் தட்டுகள் எல்லாம் அந்தத் தகட்டில் செய்தவை என்று சொல்ல மாட்டோம். ஆனால் எங்கள் அம்மாக்கள் தவணைக்காரரிடம் வாரம் பத்து ரூபாய் கட்டி வாங்கியதும், உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்து முடிக்காரரிடம் கொடுத்துக் கிண்ணம் வாங்கியதும் நாங்கள் கண்ணால் பார்த்தது. பண்ணைக்காரர் வீட்டிலும் எவர்சில்வர், காலனி வீட்டிலும் எவர்சில்வர். உலோகத்தை வைத்து இனி ஆளைப் பிரிக்க முடியாது.

அப்படியென்றால் எதை வைத்துப் பிரிப்பது? டீக்கடையைப் பாருங்கள். கொட்டாங்குச்சி போய் அலுமினிய டம்ளர் வந்தது. அது போய் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர் வந்தது. ஆனால் நம்முடையது வெளியே தனி ஆணியில் தொங்கியது. பாகுபாடு பொருளை விட்டு ஆணிக்கு மாறிக்கொண்டது. பிறகு காகிதக் குவளை. களப்பணிக்குப் போன ஒரு கிராமத்தில் எங்களுக்குக் கண்ணாடி டம்ளரிலும் எங்களோடு வந்த காலனி இளைஞருக்குக் காகிதக் குவளையிலும் டீ வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அவருக்கு அதுதாங்க சுத்தம்" என்றார் கடைக்காரர். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. குவளை ஒழிந்தால் மறுபடி ஆணி வருமா என்று அந்தத் தம்பி கேட்டார்.

சட்டம் இதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்துக்கு 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவு, உணவு விடுதியில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரில் ஒருவர் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. புகார் எழுதப் போகும் தோழர்கள் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல காவல் நிலையங்களில் நாம்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

பாத்திரம் எல்லோருக்கும் பொதுவானால், கரண்டி பிடிக்கும் கைக்குத் தடை வருகிறது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியையே மறித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சத்துணவுக் கூடத்தின் அண்டா அரசாங்கத்துடையது. அதில் யார் சாதி ஒட்டியிருக்கிறது?

சாதிக் கும்பலோ காவல்துறையோ நம் குடியிருப்புக்குள் புகும்போது முதலில் எதை உடைக்கிறார்கள் என்பதையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் நடத்திய தாக்குதலில் வளைகுடா நாட்டு உழைப்பில் வாங்கிய மின்விசிறி, தையல் எந்திரம், தொலைக்காட்சி எல்லாம் நொறுங்கின; பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் எரிந்தன. 2012 நவம்பர் 7 அன்று நம் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன, சூறையாடப்பட்டன. உடைபட்டவை எல்லாம் ஊருக்கு வெளியே போய்ச் சம்பாதித்த காசில் சேர்த்த வீட்டுச் சாமான்கள். 1931இன் தடைப் பட்டியலை அங்கே யாரும் படித்துக் காட்டவில்லை.

இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் 'மண்பானைச் சமையல்' என்று பலகை போட்ட ஓட்டல்களில் சாப்பாட்டு விலை கூடுதல். விரும்பி வாங்குகிறவருக்கு மண்சட்டி ஆரோக்கியம். நம்மில் இளையவர்களும் விரும்பி வாங்கட்டும், அது அவர்கள் உரிமை. எங்கள் மணப்பெண் கடைசியில் ஒரே ஒரு மண்சட்டி வாங்கினார், காவிரி மீன் குழம்புக்கு.

மற்றதை நாமக்கல் பாத்திரக் கடையில் வாங்கினோம். குக்கர் ஐந்து லிட்டர்தான். பித்தளைக் குடத்தை எடை போட்டபோது அது குக்கரைவிட விலை அதிகமாக வந்தது. தம்பி தயங்கினார், அம்மாயி தன் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குறைந்த பணத்தைப் போட்டார். பெயர் வெட்டுகிறவர் எந்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் பெயர் என்று கேட்டார். அம்மாயி பெயரைத்தான் வெட்டச் சொல்வார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் மணப்பெண் பக்கம் கையைக் காட்டினார். "இன்சியலோட வெட்டுங்க. அவ அப்பன் இன்சியலு."

நாமக்கல் வீட்டில் குழாயில் தண்ணீர் வருகிறது. குடத்தில் இப்போது அரிசி இருக்கிறது.