எல்லைக்கு இருபுறமும் ஹாக்கி



மூணாற்றிலிருந்து கிழக்கே புறப்படும் சாலை தேவிகுளத்தையும் பூப்பாறையையும் கடந்து போடிமெட்டை அடைகிறது. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. கீழே இறங்கினால் போடிநாயக்கனூர், தேனி, அப்பால் மதுரை. ஏலமும் தேயிலையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும், தொழில் தேடி மலையேறிய நம் முன்னோருக்கும் பழக்கமான வழி இது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வழியின் கீழ்க்கோடியில், அதுவரை அப்பகுதி கண்டிராத ஒரு பந்தயம் நடைபெற்றது. நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை, இளைஞர்க்கான உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடந்தேறியது. உலகின் பல திசைகளிலிருந்தும் 24 நாடுகளின் அணிகள் வந்திருந்தன. 1979இல் பிரான்ஸ் நாட்டின் வெர்சேல்ஸ் நகரில் தொடங்கிய இக்கோப்பைக்கு அத்தனை அணிகள் வந்தது அதுவே முதன்முறை.

இதில் எல்லைப்புறத்தாருக்கு என்ன பங்கு என்று கேட்பவர் உண்டு. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் கால்பந்தே அரசன். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் ஓய்வு நாளில் துரத்துவதும் காற்பந்தையே. ஹாக்கிக்குச் சமதளமான அகன்ற திடல் வேண்டும். மலைச்சரிவில் அத்தகைய நிலம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அங்கே தேயிலை நடுவரேயன்றித் திடல் அமைப்பவர் யார்? 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிற்குப் பின் செயற்கைத் தளம் கட்டாயமானது முதல், ஏழை ஊர்களுக்கு இவ்வாட்டம் இன்னும் எட்டாத உயரத்திற்குப் போயிற்று. ஆயினும் பங்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லச் சற்றுப் பின்னே செல்லவேண்டும்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாற்றி வகுக்கப்பட்டன. அதற்கு முன்னர் பாலக்காடு, மலையாள மாவட்டம் என்று வழங்கிய மலபாரின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இருந்தது. அருகிலுள்ள சிற்றூர் வட்டமோ பழைய கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. அவற்றைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தும், அவை கேரளத்திலேயே நின்றன. இடுக்கி என்ற மாவட்டம் 1972ஆம் ஆண்டு சனவரி 26இல்தான் பிறந்தது. ஆகவே இன்றைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆட்டக்காரர் எந்த மாநிலத்தவர் என்று கணக்கெடுக்கும் பழக்கம் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும்.

மேனுவல் பிரெடரிக்கை எடுத்துக்கொள்வோம். அவர் 1947 அக்டோபரில் கண்ணூரில் பிறந்தார். வெள்ளையர் காலத்துப் படைவீட்டின் நிழலில் ஹாக்கி வேரூன்றிய ஊர் அது. பாலக்காட்டைப் போலவே கண்ணூரும் அன்று சென்னை மாகாணத்து மலபாரின் பகுதி. கேரளம் என்ற மாநிலம் தோன்றியபோது அவருக்கு ஒன்பது வயது. பின்னர் இராணுவத்தில் சேர்ந்து பெங்களூரில் வாழ்ந்தார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இந்தியா நெதர்லாந்தை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்றபோது, கோல் காத்த அணியில் அவரும் இருந்தார். இன்றைய கோல் காப்பாளர் தலை முதல் கால் வரை கவசம் அணிந்து நிற்கிறார். அக்காலத்தில் தலைக்கவசம் இல்லை. விரைந்து வரும் கடினப் பந்தை நெற்றிக்கு நேரே கண்டும் விலகாமல் நிற்பதே கலை. கேரள மண்ணில் பிறந்து ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல்வர் என்று அவரைப் போற்றுகிறோம். அவருக்குத் தியான்சந்த் விருது கிடைத்ததோ 2019இல். பதக்கத்திற்கும் விருதுக்கும் இடையே 47 ஆண்டுகள். 2025 அக்டோபர் 31ஆம் நாள் அவர் பெங்களூரில் மறைந்தார். மதுரையில் பந்தயம் தொடங்க அன்று நான்கு வாரங்களே இருந்தன.

தாய்மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் வாழ்ந்து, அங்கேயே பெயர் பெற்று, அங்கேயே கண்மூடுவது என்றால் என்ன என்பதை, இதைப் படிக்கும் உங்களுக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை. புனே நகரையடுத்த கட்கியில், தமிழ்ப் பெற்றோருக்கு 1968இல் பிறந்த தன்ராஜ் பிள்ளையும் உங்களைச் சேர்ந்தவரே. 1992 தொடங்கி 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளிலும், 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பைகளிலும் ஆடியவர் அவர். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. ஆயினும் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றேனும் அவர் கைக்கு எட்டவில்லை. அக்குறை அவர் ஒருவருடையதன்று. 1980இல் மாஸ்கோவில், சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்ற பிறகு, 41 ஆண்டுகள் இந்திய ஆடவர் ஹாக்கி வெறுங்கையோடுதான் திரும்பியது. அந்த மாஸ்கோ பந்தயத்தைப் பல வலிய நாடுகள் புறக்கணித்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்த நீண்ட வறட்சி முடிந்தது 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், டோக்கியோவில். வெண்கலத்திற்கான ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, 5-4 என்று முன்னேறியது. முடிவுக்குச் சில விநாடிகளே எஞ்சியிருக்க, ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல் கோட்டிலிருந்து பந்தை ஒருவர் தள்ளிவிட, வட்டத்தின் விளிம்பில் மற்றொருவர் அதை நிறுத்த, மூன்றாமவர் வீசியடிக்கும் முறை அது. காப்போருக்குக் கிடைப்பது இரண்டொரு நொடி. கோலில் நின்றவர் பி. ஆர். ஸ்ரீஜேஷ், இடுக்கிக்கு அடுத்த எறணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்துக்காரர். பந்தைத் தடுத்தார், ஆட்டம் முடிந்தது, கோல் கம்பத்தின்மீது ஏறி அமர்ந்தார். உழவர் குடும்பத்துப் பிள்ளை அவர். கோல் காப்பாளரின் கவசங்கள் வாங்குவதற்காகத் தந்தையார் பசுவை விற்றார் என்பது கேரளம் முழுதும் அறிந்த செய்தி. பிரெடரிக்கின் பதக்கத்திற்குப் பின் கேரளத்திற்கு ஒலிம்பிக் பதக்கம் வர 49 ஆண்டுகள் ஆயின. இரண்டும் ஹாக்கியில், இரண்டும் வெண்கலம், இரண்டும் கோல் காத்தவர்க்கே. கால்பந்துப் பித்துப் பிடித்த நாட்டில் இது வேடிக்கைதான். 2024இல் பாரிஸிலும் வெண்கலம் பெற்று ஸ்ரீஜேஷ் ஆட்டத்திலிருந்து ஓய்வடைந்து, இளையோர் அணியின் பயிற்சியாளரானார். அந்த அணியைத்தான் அவர் தமிழ்நாட்டிற்கு அழைத்து வந்தார்.

தமிழ்நாட்டிற்குப் பன்னாட்டு ஹாக்கி புதிதன்று. சென்னையில் 1996இலும் 2005இலும் சாம்பியன்ஸ் டிராபி நடந்தது. 2007இல் ஆசியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அங்கே இந்தியா தென்கொரியாவை 7-2 என்று வென்றது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியின் இறுதியில், மலேசியாவிடம் 1-3 என்று தாழ்ந்திருந்து, 4-3 என்று மீண்டெழுந்தது. அரியலூர் மாவட்டத்து இளைஞர் கார்த்தி செல்வம் அந்த அணியில் ஆடினார். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர் போன ஊர் என்பதும் பலர் அறிந்ததே. சக்திவேல் மாரீஸ்வரன் அவ்வூர்ப் பிள்ளை. ஆனால் இந்தப் பெரும் பந்தயங்கள் யாவும் சென்னையோடு நின்றன. எல்லைப்புறத்து மக்களுக்குச் சென்னை ஓர் இரவுப் பயணம். உலகக் கோப்பை மதுரைக்கு வந்தபோதுதான், காலையில் மலையிறங்கி, மாலை ஆட்டத்தைக் கண்டு, மறுநாள் கொழுந்து பறிக்கத் திரும்பிவிடக்கூடிய தொலைவில் அது வந்தது. மதுரையில் அதற்கெனவே சர்வதேசத் தரத்தில் செயற்கைத் தளத்துடன் அரங்கு எழுந்தது.

ஆட்டத்தின் போக்கைச் சுருக்கமாகச் சொல்வோம். முதற்சுற்றில் இந்தியா சிலியை 7-0, ஓமானை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றது. பாகிஸ்தான் விலகியதால் ஓமான் அதனிடத்தில் வந்தது என்பதை நினைவிற்கொண்டால், அந்தப் பதினேழைப் பெரிதாகப் பாராட்ட மனம் வராது. பெல்ஜியத்துடனான காலிறுதி 2-2 என்று சமமாகி, ஷூட்-அவுட்டில் இந்தியாவுக்கு வெற்றி கிட்டியது; அங்கும் வென்று தந்தவர் கோல் காப்பாளரே. அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று நம்மை நசுக்கியது. மூன்றாமிடத்திற்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று தாழ்ந்திருந்த இளைஞர்கள், கடைசிக் கால்மணி நேரத்தில் நான்கு கோல்கள் அடித்து 4-2 என்று வெண்கலம் பெற்றனர். ஷூட்-அவுட்டில் ஸ்பெயினை வென்று கோப்பையைக் கொண்டு சென்றது ஜெர்மனி.

பயிற்சியாளர் மலையாளி, ஆடியவரில் பெரும்பாலோர் வட இந்தியர், திடல் தமிழ்நாட்டினது. எல்லைப்புறத்தில் வளர்ந்த ஒருவர் இவற்றுள் எதைத் தம்முடையது என்று உரிமை கொண்டாடுவார்? வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்த மூணாற்றுச் சிறுவனுக்கு இக்கேள்வியே விளங்காது. அவன் மூன்றையும் எடுத்துக்கொள்வான். மதுரை அரங்கில் ஆட்டம் முடிந்த பின் தேனி, போடி வழியாக மலையேறும் பேருந்துக்கு நேரமாகிவிடும். போடிமெட்டில் குளிர் கடுமையாக இருக்கும்.