ஸ்டான் லீ: ஆச்சரியக்குறியும் சுயநையாண்டியும்

அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் இதழ்களில் 1961 முதல் 1972 வரை வெளிவந்த வசனங்களில் பெரும்பங்கு ஸ்டான் லீ எழுதியது. ஏறக்குறைய எல்லா வாக்கியமும் ஆச்சரியக்குறியில்தான் முடியும். அடைமொழிகள் மோனையில் அடுக்கி வரும். கதாநாயகன் அடிவாங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டத்தின் மூலையிலிருந்து எழுத்தாளர் குரல் கொடுத்து, தன் கதையைத் தானே கிண்டல் செய்வார். இந்தப் பாணி ஒரு தனிமனிதரின் குறும்பில் மட்டும் பிறந்ததல்ல. அந்த அலுவலகத்தில் வேலை நடந்த முறைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதத் தம்பதியருக்கு 1922இல் நியூயார்க்கில் பிறந்தவர் ஸ்டான்லி மார்ட்டின் லீபர். மார்ட்டின் குட்மேன் நடத்திய, பின்னாளில் மார்வெல் ஆன டைம்லி காமிக்ஸில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். குட்மேனின் மனைவி அவருக்கு உறவுக்காரர். 1941இல் கேப்டன் அமெரிக்கா மூன்றாம் இதழில், படக்கதைகளுக்கு நடுவே பக்கம் நிரப்ப வெளியான ஒரு சிறிய உரைநடைக் கதைதான் அவரது முதல் எழுத்து. சொந்தப் பெயரைப் பிற்காலத்தில் எழுதப்போகும் இலக்கிய நாவலுக்காக எடுத்துவைத்துவிட்டு, ‘ஸ்டான் லீ’ என்று கையெழுத்திட்டார். அந்த நாவல் வரவேயில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஆசிரியர் ஜோ சைமனும் ஓவியர் ஜேக் கிர்பியும் நிறுவனத்தை விட்டு வெளியேற, பத்தொன்பது வயதுகூட நிறையாத லீ ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்த இருபது ஆண்டுகள் எது விற்றதோ அதை எழுதினார்: கௌபாய் கதை, காதல் கதை, பூதக் கதை, மாடல் பெண்களின் நகைச்சுவை. இவற்றில் பிற்காலப் பாணியின் சாயல் தெரிவது, ‘மேட்’ இதழின் வெற்றியைப் பார்த்து 1955இல் தொடங்கிய ‘ஸ்னாஃபு’ என்ற நையாண்டி இதழில்தான். எர்விங் ஃபோர்புஷ் என்ற இல்லாத ஊழியர் அதில்தான் பிறந்தார். 1957இல் விநியோக நிறுவனம் மூடப்பட்டது. போட்டியாளரின் விநியோகஸ்தரிடம் போய் நிற்கவேண்டிய நிலை. மாதத்துக்கு எட்டு இதழ் என்று அவர்கள் வரம்பு கட்ட, ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அலுவலகத்தில் லீ கிட்டத்தட்டத் தனியாள் ஆனார்.

1961 நவம்பர் தேதியிட்டு ‘ஃபெண்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழும், 1962 ஆகஸ்டில் ஸ்பைடர்மேன் முதல் கதையும் வந்து சூப்பர்ஹீரோக்கள் பெருகியபோது, ஒவ்வொன்றுக்கும் முழுத் திரைக்கதை எழுத ஒருவருக்கு நேரம் போதவில்லை. அந்த நெருக்கடியில் உருவானதைத்தான் பின்னாளில் ‘மார்வெல் முறை’ என்றார்கள். லீ கதைச் சுருக்கத்தைத் தாளிலோ பேச்சிலோ சொல்வார். நிறுவனத்துக்குத் திரும்பியிருந்த ஜேக் கிர்பியோ ஓவியர் ஸ்டீவ் டிட்கோவோ அதைக் காட்சிகளாகப் பிரித்துப் பென்சிலில் முழு இதழையும் வரைவார்கள். என்ன நடக்கிறது என்று கிர்பி பக்க ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்புவார். கடைசியில்தான் லீ வசனம் எழுதி, வசன பலூன் எங்கே வரவேண்டும் என்று குறித்துக் கொடுப்பார். ஆர்ட்டி சைமெக், சாம் ரோசன் போன்ற எழுத்துக் கலைஞர்கள் அதை மையில் எழுதுவார்கள்.

குத்து விழுவதைப் படமே காட்டிவிட்டது. அதை வசனம் சொல்லத் தேவையில்லை. ஆகவே அது படத்தின் மீது விமர்சனமாக, சீண்டலாக, அங்கலாய்ப்பாக மாறும் சுதந்திரம் பெற்றது. வில்லனோடு மோதும்போது ஸ்பைடர்மேன் ஓயாமல் வாயாடுவதும், அடுத்த கட்டத்திலேயே வாடகைப் பணத்துக்கும் அத்தையின் மருந்துச் செலவுக்கும் மனதுக்குள் புலம்புவதும் இந்த இடைவெளியில் விளைந்தவைதான். 1966 தேதியிட்ட ஓர் இதழுக்குக் கிர்பி அனுப்பிய பக்கங்களில், கதைச் சுருக்கத்தில் இல்லவே இல்லாத வெள்ளிநிற மனிதன் ஒருவன் பலகையில் நின்று விண்வெளியில் சறுக்கி வந்தான். அந்த சில்வர் சர்ஃபரைப் பார்த்த லீ, அவன் வாயில் மனிதகுலத்தின் மடமையை எண்ணி வருந்தும் தத்துவப் பேச்சை வைத்தார். ஓவியர் உருவம் கொடுத்தார், எழுத்தாளர் குரல் கொடுத்தார். பாத்திரத்தைப் படைத்தவர் யார் என்ற தீராத வழக்கின் விதை இங்கேதான் இருக்கிறது.

பெயரை மறைத்துவிட்டாலும் பேசுவது யார் என்று தெரியவேண்டும் என்பது லீயின் கணக்கு. பாறை உடல்கொண்ட பென் கிரிம் நியூயார்க் ஏழைத் தெருக்களின் கொச்சையில், சொல்லின் வாலை விழுங்கிப் பேசுவான். வில்லன் டாக்டர் டூம் தன்னையே பெயர் சொல்லிப் படர்க்கையில் குறிப்பிடுவான். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் சத்தியம் செய்யும் மாயசக்திகளின் பெயர்களுக்கு எந்தப் புராணத்திலும் வேர் கிடையாது. அவை ஓசைக்காகவே கட்டப்பட்டவை. தோரின் ஆரம்பக் கதைகளுக்கு வசனம் எழுதியவர் லீயின் தம்பி லாரி லீபர். அவற்றில் இடிக்கடவுள் சாதாரண ஆங்கிலம்தான் பேசினான். லீ கைக்கு வந்தபின் அவன் நாவில் ஷேக்ஸ்பியர் நாடகமும் பழைய பைபிளும் கலந்த நடை ஏறியது. இலக்கணம் அங்கங்கே தடுமாறும். வாசகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, கம்பீரம் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பீட்டர் பார்க்கர், புரூஸ் பேனர், ரீட் ரிச்சர்ட்ஸ், மேட் மர்டாக் என்று நாயகர்களின் பெயர்களில் மோனை வருவதற்குத் தன் மறதியைத்தான் லீ காரணம் சொன்னார்: பாதி நினைவுக்கு வந்தால் மறுபாதியும் வந்துவிடுமாம். அப்படியும் 1964இல் ஓர் இதழ் முழுக்க புரூஸ் பேனரை ‘பாப் பேனர்’ என்றே எழுதிவிட்டார். வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவன் முழுப்பெயர் ராபர்ட் புரூஸ் பேனர் என்று கடிதப் பகுதியில் அறிவித்துத் தப்பித்தார். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்தது. ஆச்சரியக்குறிக்குக் காரணம் இன்னும் சாதாரணமானது. மலிவான தாளில் அச்சடிக்கும்போது முற்றுப்புள்ளி காணாமல் போய்விடும் என்பதால் காமிக்ஸ் தொழிலில் பலரும் அதைத் தவிர்த்தார்கள். லீ ஆச்சரியக்குறியைத் தன் முத்திரையாக்கிக்கொண்டார். 1971இல் இனி ஆச்சரியக்குறியே கூடாது என்று அவரே உத்தரவு போட்டதும், விரைவிலேயே அது கைவிடப்பட்டதும் தனிக் கதை.

இதே குரல் கதைக்கு வெளியிலும் ஒலித்தது. யார் எழுதியது, யார் வரைந்தது என்ற பட்டியலில் எல்லோருக்கும் மோனைப் பட்டம்: ஜாலி ஜேக் கிர்பி, ஸ்மைலிங் ஸ்டான் லீ, ஜாஸி ஜானி ரொமிட்டா. கடைசியில் வரும் எழுத்துக் கலைஞரின் பெயர்தான் பெரும்பாலும் நகைச்சுவைக்குப் பலி. ‘புல்பென்’ செய்திப் பக்கத்தில், ஓவியர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் கும்மாளமடித்து வேலை செய்வதாக ஒரு சித்திரம். உண்மையில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வரைந்து கொண்டுவந்து கொடுத்தவர்கள். 1967 முதல் ‘ஸ்டான்ஸ் சோப்பாக்ஸ்’ என்ற பத்தி வந்தது, ‘எக்செல்சியர்!’ அவரது வழக்கமான முடிப்பு. தவறு கண்டுபிடித்த வாசகருக்கு ‘நோ-பிரைஸ்’ என்ற விருது தபாலில் வரும். உறையின் மேல் வாழ்த்து அச்சாகியிருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

தன்னையே கேலி செய்வது இந்தக் கட்டத்தில் விற்பனை உத்தியாகவும் கேடயமாகவும் ஆனது. 1963 ஜனவரி தேதியிட்ட ‘ஃபெண்டாஸ்டிக் ஃபோர்’ பத்தாம் இதழில் டாக்டர் டூம் மார்வெல் அலுவலகத்துக்கே வந்து லீயையும் கிர்பியையும் மிரட்டுகிறான். 1965 ஆண்டு மலரில், ரீட் ரிச்சர்ட்ஸ் திருமணத்துக்கு அழைப்பில்லாமல் வந்த இருவரையும் காவலர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். 1964 ஸ்பைடர்மேன் ஆண்டு மலரின் மூன்று பக்கத் துணுக்கு, ஓயாமல் யோசனை அடுக்கும் அதட்டல்காரராக லீயையும் அதைச் சுமக்கும் ஓவியராக டிட்கோவையும் காட்டியது. விளையாட்டாக வந்த அந்தப் பக்கங்களை இன்று படித்தால் சிரிப்பு சற்று மட்டுப்படும். விரைவிலேயே இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. டிட்கோ தானே கதையமைத்து வரைந்தார், 1966இல் விலகினார்.

1967 ஆகஸ்டில் தொடங்கிய ‘நாட் பிராண்ட் எக்’ முழுக்க முழுக்க இந்த வேலைக்கென்றே வந்த இதழ். அக்கால விளம்பரங்கள் போட்டிப் பொருளை ‘பிராண்ட் எக்ஸ்’ என்று சொல்வதை வளைத்து, லீ போட்டி நிறுவனங்களை ‘பிராண்ட் எக்’ என்று இளக்காரம் செய்துவந்தார். புதிய இதழ் மார்வெலையே பகடி செய்தது. சில மாதங்களுக்கு முன்புதான் லீயும் கிர்பியும் முழுத் தீவிரத்தோடு தந்த சில்வர் சர்ஃபர் கதையை, முதல் இதழிலேயே அவர்களே ‘சில்வர் பர்ப்பர்’ என்று ஏப்பம் விடவைத்தார்கள். ஓவியர் மேரி செவரினின் கோடுகள்தான் இதழின் உயிர். எர்விங் ஃபோர்புஷ், தலையில் பாத்திரம் கவிழ்த்த ஃபோர்புஷ்மேனாக அதில் தோன்றினார். பதின்மூன்று இதழ்களோடு 1969இல் நின்றுபோனது.

தானே செய்யும் பகடியில் வலி குறைவு. அடுத்தவர் செய்யும்போது அப்படியல்ல. 1966 ஜனவரியில் வந்த ஒரு செய்தித்தாள் கட்டுரை லீயைக் கொண்டாடி, கிர்பியை ஆளே தெரியாத உதவியாளர்போல் காட்டியது. 1970இல் டிசி நிறுவனத்துக்கு மாறிய கிர்பி, ‘மிஸ்டர் மிராக்கிள்’ ஆறாம் இதழில் ஃபங்கி ஃப்ளாஷ்மேன் என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தார். ஒட்டுமுடி, பொய்த்தாடி, அடுக்குமொழி, அடுத்தவர் உழைப்பில் பிழைக்கும் சாமர்த்தியம். மார்வெலில் லீக்குத் துணையாக இருந்த ராய் தாமஸைக் குறிவைத்து ‘ஹவுஸ்ராய்’ என்ற அடிவருடியும் உண்டு. லீ விளையாட்டாகத் தன்னைப்பற்றி வரைந்துவைத்திருந்த அதே கோமாளிச் சித்திரத்தைத்தான் கிர்பி எடுத்தாண்டார். அன்பை மட்டும் கழற்றிவிட்டார். 1993இல் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் ‘1963’ என்ற தொடரில், பட்டப்பெயர், வாசகர் கடிதம் உட்பட அந்தப் பாணி முழுவதையும் பிரதியெடுத்துக் குத்தினார்.

லீ 1972இல் பதிப்பாளராகி மாத இதழ்களுக்கு எழுதுவதை ஏறக்குறைய நிறுத்தினார். ஆசிரியர் பொறுப்பு ராய் தாமஸுக்குப் போனது. லீக்குப் பின் வந்தவர்கள் பல ஆண்டுகள் அவர் குரலிலேயே எழுதிப் பார்த்தார்கள். பின்னர் கதைக்குறிப்புக் கட்டங்களும் எண்ண பலூன்களும் மெல்ல மெல்ல அருகின. 2006இல் ‘ஸ்டான் லீ மீட்ஸ்’ என்ற தலைப்பில் ஐந்து இதழ்கள் வந்தன. ஸ்பைடர்மேன், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், பென் கிரிம், டாக்டர் டூம், சில்வர் சர்ஃபர் ஆகியோரை லீ அவற்றில் ஒரு பாத்திரமாகவே சந்தித்தார். அப்போது அவருக்கு வயது 83. தன்னைச் சந்திக்கும் காட்சிகளுக்கான வசனத்தையும் அவரே எழுதினார்.